612 யாருடைய மார்க்?

ஏப்ரல் 6, 2025
கோச்சிங்கில் மாடல் டெஸ்ட் ரிசல்ட். 720க்கு 612. இவர் உடனே தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், கவனிக்கவில்லை. ப்ளஸ் டூ முடித்து ஒரு வருடமாக மகளுக்கு நீட்டைத் தவிர வேறு வேலை இல்லை. அவருக்கும் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும்தானே.

ராத்திரி கேள்வித்தாளைப் புரட்டினேன். பிசிக்ஸில் ஒரு கணக்கைக் காட்டி, "இது ஜனவரில வந்ததும்மா. சார் நம்பரை மட்டும் மாத்தியிருக்காரு" என்று சிரித்தாள். சார் எப்படிக் கேட்பார் என்பது இவளுக்கு அத்துப்படி. அப்படியானால் இந்த 612இல் இவளுடையது எவ்வளவு?

ஏப்ரல் 13
வீட்டிலேயே மத்தியானம் 2 முதல் 5 வரை எழுத வைத்தேன். போன வருடக் கேள்வித்தாள். அப்போது 200 கேள்வியில் 180க்கு எழுதினால் போதும், 200 நிமிடம். இந்த வருடம் 180 கேள்வி, 180 நிமிடம், சாய்ஸ் கிடையாது. சாய்ஸை அடித்துவிட்டு 20 நிமிடத்தையும் குறைத்ததும் மார்க் 550க்குக் கீழே வந்தது. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்ததில் நடுவில் கண் சொக்கியது வேறு. கோச்சிங்கில் டெஸ்ட் எப்போதும் காலையில்தான்.

ஏப்ரல் 14
புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி. இன்றைக்கு மார்க் பேச்சு கூடாது என்று ஒப்பந்தம். சாயங்காலம் வரை தாங்கியது.

ஏப்ரல் 27
கோச்சிங்கின் கம்ப்யூட்டர் டெஸ்டில் தப்பாக அழுத்தினால் மாற்றலாம். நீட்டின் ஓஎம்ஆர் தாளில் பேனாவால் நிரப்பிய வட்டம் நிரப்பியதுதான். ஒரு வட்டத்துக்கு ஐந்து விநாடி என்றாலும் 180 வட்டத்துக்குக் கால் மணி நேரம் போய்விடும். அந்தக் கால் மணி எந்த மாடல் மார்க்கிலும் கழிக்கப்படவில்லை.

மே 4
நீட் தேர்வு. மத்தியானம் ஒன்றரைக்கு கேட் மூடினார்கள். தோடு, செயின், ஹேர் கிளிப் எல்லாம் என் கைப்பையில். பக்கத்தில் நின்ற ஒருவர், "நம்ம பையன் டெஸ்ட்ல 650க்குக் கொறஞ்சதே இல்லீங்க" என்றார். ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகள் வந்தார்கள். இவள், "பிசிக்ஸ்" என்று மட்டும் சொன்னாள். அவர் பையன் அதுகூடச் சொல்லவில்லை.

மே 5
சாப்பிடவில்லை. கேட்கவும் இல்லை.

மே 9
கோச்சிங் கொடுத்த விடைகளை வைத்துச் சரிபார்த்ததில் 487. "பயந்துட்டா, அதான்" என்கிறது சொந்தம் முழுக்க. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பயாலஜி, மாடலில் 330, இங்கே 328. கெமிஸ்ட்ரி 132, இங்கே 99. பிசிக்ஸ் 150, இங்கே 60. பயம் பயாலஜியை விட்டுவிட்டு பிசிக்ஸை மட்டும் பிடிக்குமா?

இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 14
ரிசல்ட். 482. நாட்டிலேயே முதல் மார்க் 686. 650ஐத் தாண்டியவர்கள் மொத்தம் 73 பேர். போன வருடம் முதலில் வந்த ரிசல்டில் முழு 720 வாங்கியவர்களே 67 பேர். கேட்டருகே நின்ற மனிதர் நினைவுக்கு வந்தார்.

நாத்தனார் போன். "612 எடுக்கிற பொண்ணு அண்ணி..." என்று இழுத்தாள். "இந்த வருஷம் 612 எடுத்திருந்தா இந்தியாவுலயே முதல் ஆயிரத்து சொச்சத்துல இருப்பா. ரேங்க்கைக் கேளு" என்றேன்.

ஜூன் 16
கோச்சிங்கிலிருந்து கூப்பிட்டார்கள். மாடல் டெஸ்ட் மார்க் நன்றாக இருப்பதால் அடுத்த வருடத்துக்கு ஃபீஸில் சலுகையாம். இவர் கட்டிவிடலாம் என்கிறார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. 482க்கு அரசுக் கல்லூரி கிடைக்கலாம், நூலிழையில் தவறவும் செய்யலாம். மாநில ரேங்க் பட்டியல் வரும்வரை ஒரு பைசா கட்டுவதாக இல்லை.