வினாவும் விடையும்
(மருத்துவக் கல்லூரி நேர்முகத்துக்குச் செல்லும் மாணவர் பொருட்டு)

எழுதத் தெரிந்தவர் எல்லாரும் பேசத் தெரிந்தவர் அல்லர். பேசத் தெரிந்தவருள்ளும் வினவியதற்கு விடை கூறத் தெரிந்தவர் சிலரே. இவ்வுண்மை பரீட்சை மண்டபத்துள் வெளிப்படுவதில்லை. நேர்முகப் பரீட்சைக் குழுவினர் முன் அமரும்போதே வெளிப்படுகின்றது.

நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்கள் நேர்முகம் நடாத்துவதில்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே அங்கே அளவுகோல். நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 அம்பாறை உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் வகுக்கப்பட்டுள்ளன. தசமத்தானம் ஒன்றிலே இடம் தவறிய பிள்ளைகள் எம்மூராகிய பாலமுனையிலும், ஒலுவில், அட்டாளைச்சேனை, நிந்தவூர் முதலிய அயலூர்களிலும் உளர். இத்தகையோரே பிறநாட்டு மருத்துவக் கல்லூரிகளையும் புலமைப்பரிசில்களையும் நாடுகின்றனர். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலே பயிலிளவல் அதிகாரிகளாகச் சேர முயல்வோரும் உளர். அவ்வழிகளிற் பலவற்றின் வாயிலிலே நேர்முகம் நிற்கின்றது. தந்தை வயலை ஈடுவைத்துப் பணம் திரட்டியிருப்பார். பிள்ளையின் எதிர்காலமோ சில நிமிட விடைகளிலே தங்கியிருக்கும்.

நேர்முகம் நீதியானதோ என்னும் வினா பழையது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி அனுமதியில் மொத்தம் 275 புள்ளிகளுள் 75 நேர்முகத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. பெரியகருப்பன் என்பார் தொடுத்த வழக்கில், 1970-இல், இந்திய உயர் நீதிமன்றம் அவ்வளவு மிகையென்றே கருதிற்று. பெரும்பாலான மாணவருடன் உரையாடிய நேரம் மூன்று நிமிடமளவே என்பதும் அங்கே எடுத்துக்காட்டப்பட்டது. மூன்று நிமிடத்தில் ஒருவன் இயல்பை அளத்தல் எங்ஙனம்?

மறுபுறத்தே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உளது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய மருத்துவமனையினின்று வளர்ந்த அக்கல்லூரி, மாணவரைப் பல நாள் தங்கவைத்து, குழுவாகப் பணிசெய்யவிட்டு, உரையாடித் தெரிவுசெய்யும் வழக்கத்தை நெடுங்காலம் போற்றி வந்தது. அகில இந்தியப் பொதுத் தேர்வு கட்டாயமானபோது, தன் தெரிவுமுறைக்கு இடமில்லையெனக் கருதி, 2017-இல் நூறு இடங்களுள் ஒன்றை மட்டுமே நிரப்பிற்று. 2020-இல் உயர் நீதிமன்றம் பொதுத் தேர்வின் பக்கமே தீர்ப்பளித்தது. எனினும், மருத்துவனாகத் தக்கவனைப் புள்ளி மட்டும் காட்டாது என்னும் அக்கல்லூரியின் எண்ணம் வெறும் பிடிவாதமென்று ஒதுக்கற்பாலதன்று.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இவ்விரு பக்கங்களையும் நோக்கி வேறொரு முறை வகுத்து 2004-இல் வெளியிட்டனர். ஒரு குழுவின் முன் ஒருமுறை அமர்வதற்குப் பதிலாக, மாணவன் பத்து நிலையங்களுக்கு முறையே செல்வான். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பரீட்சகர், வெவ்வேறு நிகழ்ச்சி. எட்டு நிமிட உரையாடல், இடையே இரண்டு நிமிடச் சிந்தனை. ஒருவரின் விருப்பு வெறுப்பு முழு முடிவையும் கெடுக்காதிருத்தல் இதன் பயன். பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் இம்முறை இன்று பரவியுள்ளது.

இவற்றிலே தமிழாசிரியருக்கு என்ன அலுவல் என்று சிலர் கேட்பர். நேர்முகம் பெரும்பாலும் ஆங்கிலத்திலே நடைபெறுகின்றது என்பது மெய். ஆனால், தாய்மொழியிலே தெளியாத எண்ணம் பிறமொழியிலே தெளியாது. ஆகவே எம்மிடம் வரும் மாணவரை யாம் முதலில் தமிழிலேயே விடை கூறச் செய்கின்றோம். எண்ணம் ஒழுங்குபட்ட பின்னரே ஆங்கில ஆசிரியரிடம் அனுப்புகின்றோம். இந்தப் பயிற்சிக்கு எமக்குத் துணையாவது பவணந்தி முனிவரின் நன்னூலே.

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். அவற்றுள் அறிவினா, அறியாவினா என்னும் இரண்டும் இங்கே பெரிதும் வேண்டப்படுவன. விடையைத் தான் அறிந்துவைத்துக்கொண்டு ஆசிரியர் மாணவனை வினவுவது அறிவினா. தான் அறியாததை அறிவான் வேண்டி வினவுவது அறியாவினா. நம் பாடசாலைகள் பதின்மூன்றாண்டுக் காலமும் அறிவினாவுக்கே பிள்ளைகளைப் பயிற்றுகின்றன. "இதயத்தின் அறைகள் எத்தனை?" என்பதற்கு விடை நூலிலே உண்டு. "நீர் ஏன் மருத்துவராக விரும்புகின்றீர்?" என்பதோ அறியாவினா. கேட்பவர் அதன் விடையை உண்மையாகவே அறியார். உலகிலே அதனை அறிந்தவன் அம்மாணவன் ஒருவனே. அவ்வாறிருக்க, அவன் பிறர் எழுதிக்கொடுத்த விடையை மனனஞ் செய்து ஒப்பிப்பானாயின், கேட்டவருக்கு எதுவும் கிட்டாது.

எம்மூர் மாணவி ஒருத்தி இவ்வினாவுக்கு முதலில் அளித்த விடை, "மனித குலத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன், சேர்" என்பது. "சேவை செய்ய விரும்புவோர் ஆசிரியராகலாம், தாதியாகலாம், மருத்துவமே ஏன் மகள்?" என்றோம். நெடுநேரம் மௌனமாயிருந்தாள். பின்னர், நீரிழிவினாற் காலிலே புண்பட்ட தன் மூத்தம்மாவுக்கு இரண்டாண்டாக நாள்தோறும் புண் கழுவிக் கட்டி வருவதைச் சொன்னாள். கிளினிக்கிலே தந்த மருந்தைக் கிழவி ஏன் ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று ஆராய்ந்தபோது, பசியோடிருக்கும் வேளையில் மாத்திரை மயக்கம் தந்ததே காரணமென்று அறிந்தாளாம். அதனை வைத்தியரிடம் எடுத்துச் சொல்ல, அவர் மருந்தின் அளவை மாற்றினாராம். "காரணத்தைக் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பிடித்தது, சேர்" என்றாள். அதுவே விடை. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய், அதன் முதல், தணிக்கும் வழி என்று வைத்த வைப்புமுறையும் அவள் சொல்லுக்குள் தானாகவே அமைந்திருந்தது.

விடைகளை நன்னூலார் எட்டாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரான விடைகள். ஏனைய ஐந்தும் விடையைக் குறிப்பாற் பயப்பன. "ஆடுவாயா?" என்று கேட்கப் "பாடுவேன்" என்பது இனமொழி விடை. நேர்முகத்திலே மாணவர் பெரிதும் ஒளிந்துகொள்ளும் இடம் இந்த இனமொழியே. "உமது குறை யாது?" என்றால், "நான் அளவுக்கு மீறி உழைப்பவன்" என்பர். கேட்டவர் புன்னகை செய்வார், புள்ளி இடார். ஆதலின் முதல் வாக்கியத்திலே நேர்விடை, அடுத்துக் காரணம், அதன்பின் சொந்த வாழ்விலிருந்து ஒரு சான்று, ஈற்றிலே அச்சான்றினாற் கற்றது. இந்நான்கும் இரண்டு நிமிடத்துள் அடங்கும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் முதலாக நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களையும் ஒரு தாளிலே எழுதி மாணவன் எதிரே வைக்கின்றோம். உடன்கற்பவர் கேட்டிருந்து எக்குற்றம் நேர்ந்ததென்று சுட்டுகின்றனர்.

சில வினாக்களுக்கு உடனே நேர்விடை கூறல் அறிவுடைமை ஆகாது. "முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய், அவரிடம் சொல்லவேண்டாம் என்று மகன் மன்றாடுகின்றான், நீர் யாது செய்வீர்?" இது நம்மூர் வீடுகளிலே உண்மையாக நிகழ்வதே. இங்கே வினாதல் விடையே முதற்கண் பொருந்தும். முதியவர் தம் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகின்றார்? மகன் அஞ்சுவது எதனை? இவற்றைக் கேட்டறிவேன் என்று மாணவன் தொடங்கலாம். பீச்சம்ப், சில்ட்ரெஸ் என்னும் அறிஞர் 1979-இல் வெளியிட்ட நூலிலே தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என நான்கு நெறிகளை வகுத்தனர். அவற்றின் பெயரை ஒப்பித்தலாற் பயனில்லை. இந்த முதியவரிடத்தே எந்நெறி எதனோடு மோதுகின்றது என்று காட்டவேண்டும். பின்னர் ஒரு முடிவைத் துணிந்து கூறுதல் வேண்டும். எந்தச் செய்தி தெரியவந்தால் அம்முடிவு மாறும் என்பதையும் கூறின், அவ்விடை நிறைவுடையதாகும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னுமொரு தடை உண்டு. பெரியோர் முன்னே "நான்", "என்னால்" என்று சொல்லுதல் செருக்கென்று பழக்கப்பட்டவர்கள் அவர்கள். கொழும்பு மாணவன் தன் திறமையைத் தயக்கமின்றி எடுத்துரைக்க, இவர்கள் தலைகுனிந்து "எல்லாரும் சேர்ந்து செய்தோம்" என்பர். அடக்கம் நற்பண்பே. ஆனால் நன்னூலாரும் தற்புகழ்ச்சியைக் குற்றமென்று விலக்கிய பின்னர், அது பொருந்தும் நான்கிடங்களை எடுத்தோதினார். தன் ஆற்றலை உணராதார் நடுவிலே கூறுதல் அவற்றுள் ஒன்று. அவையிலே வெல்லவேண்டிய பொழுது கூறுதல் மற்றொன்று. நேர்முக அறை இவ்விரண்டுமாகும். இதனை எடுத்துக்காட்டிய பின்னரே பல பிள்ளைகள் "நான் செய்தேன்" என்று நிமிர்ந்து சொன்னார்கள். இலக்கணம் அனுமதி தந்தது போலும்!

மேற்கூறிய மாணவிக்கு இடம் கிடைத்தது. அவளினும் செம்மையாக விடை கூறப் பழகிய மாணவன் ஒருவனுக்குக் கிடைக்கவில்லை. இடங்களோ சில, விண்ணப்பித்தோரோ பலர். ஆதலின் பயிற்சி வெற்றியைத் தருமென்று எவருக்கும் யாம் வாக்களிப்பதில்லை. அவன் இப்போது மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கற்கின்றான். கேட்பதற்கு நேரே விடை கூறும் அவ்வழக்கம் அவனிடம் நிலைத்திருக்கின்றது.

விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற விபுலாநந்த அடிகள் 1892-இல் காரைதீவிலே பிறந்தார். பாலமுனைக்கும் அவ்வூருக்கும் இடையே கடற்கரைச் சாலையிலே சில மைல்களே. அறிவியலும் தமிழும் பகையல்ல என்பதைக் காட்டிய வாழ்வு அது. பாலமுனையிலிருந்து வந்த எம்மை வேற்றுமை பாராது தமிழ் கற்பித்த நம் இந்துக் கல்லூரியும் அந்நெறியே நின்றது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் மருத்துவர் பலர் உளர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, ஒரு மாலைப்பொழுதேனும் நேர்முகக் குழுவினராக அமர்ந்து நம் பிள்ளைகளை வினவுவார்களாயின் அது பேருதவியாகும். எம் வகுப்பறையின் கதவு திறந்தே இருக்கும். கல்லூரி நீடு வாழ்க.