இலத்தூர்க் குளத்தில் ஒரு விருந்தாளி

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியில் நீராடுவார்கள். தென்காசிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நாங்கள் போனதோ சாரல் ஓய்ந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் பெய்து முடிந்த தை மாதத்தில். அருவியை நாடியும் போகவில்லை. நண்பர்கள் நால்வராக, இரண்டு தொலைநோக்கிக் கண்ணாடிகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு, தென்காசிக்கு அருகிலுள்ள இலத்தூரின் பெரிய குளத்தைப் பார்க்கப் போனோம்.

இலத்தூர் அகத்தியர் வழிபட்ட தலம் என்று ஊரார் சொல்வார்கள். மதுநாதர் கோயிலில் தரிசனத்தை முடித்துக்கொண்டு குளக்கரை ஏறினோம். மேற்கே மலைத்தொடர் நீலச் சுவர்போல் நின்றது. எதிரே தண்ணீர். அதன்மேல் மீசை ஆலாக்கள் தாழப் பறந்து, அலகால் நீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. நாமக்கோழிகள் கூட்டங் கூட்டமாய் மிதந்தன. பட்டமரக் கிளையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தன.

அப்போதுதான் எங்களில் இளையவர் எமது தோளை அழுத்தினார். நடுக்குளத்து மண்திட்டில் ஆலாவைவிடப் பெரிதாய், சாம்பல் முதுகும் வெள்ளை வயிறும் சிவந்த கால்களுமாய் ஒரு பறவை தனித்து நின்றது. "கடற்காகம்!" என்றார் அவர், மூச்சு விடாமல்.

இங்கிருந்து தூத்துக்குடிக் கடலுக்குப் போனாலும், மலையைத் தாண்டிக் கொல்லத்துக் கடலுக்குப் போனாலும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கடற்கரையில் சாதாரணமாகக் காணும் பறவையே இங்கே அதிசயம்தான். "ஒருவேளை, நம் ஜில்லாவில் எவருமே கண்டிராத ஜாதியாக இருந்தால்?" என்றார் இளையவர். அவர் ஆசை எங்களையும் பற்றிக்கொண்டது. 1975-ஆம் வருஷம் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து நியூபரிபோர்ட் துறையில், வடதுருவப் பிரதேசத்து ராஸ் கடற்காகம் ஒன்று வந்து தங்கியது. அந்த ஒற்றைப் பறவையைத் தரிசிக்க ஆயிரக்கணக்கானோர் குளிரில் திரண்டனர். இலத்தூருக்கும் அந்தப் பாக்கியம் ஏன் வரக்கூடாது?

ஆனால் கடற்காகத்தை இனம் பிரிப்பது எளிதல்ல. பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபேத் ஏரிகளில் கூடு கட்டுவது. கருந்தலைக் கடற்காகம் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் கூடு கட்டுவது. பெயரைச் சொல்லும் அந்தத் தலை நிறமோ, நம் நாட்டுக்கு வரும் குளிர்காலத்தில் இரண்டுக்கும் மறைந்துவிடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும் பொட்டு மட்டும் மிஞ்சும். முன்னதற்கு முதிர்ந்த பருவத்தில் விழி வெளிறியிருக்கும். பறக்கும்போது சிறகின் கரிய நுனியில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பின்னதற்குச் சிறகின் முன்விளிம்பு வெண்மை. கருமை நுனியோரத்தில் மட்டும். ஆகவே சிறகு விரிய வேண்டும். நாங்கள் காத்திருந்தோம்.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கரையில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னோம்.

"ஒரு வாரமா இங்கதான் கெடக்கு, ஐயா. கொக்கு மாதிரி மீனுக்குக் காத்துக் கெடக்காது. தண்ணியில மெதக்கும், செத்த மீனப் பொறுக்கும். பேருதான் நமக்குத் தெரியாதுல்லா" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பறவை எழும்பியது. எழும்பியது நேரே சூரியனை நோக்கி! கண் கூசிற்று. சிறகு நுனி கருமையா, புள்ளி உண்டா, ஒன்றும் புலப்படவில்லை. மலைப்பக்கம் திரும்பி மறைந்தது.

இளையவர் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். "புள்ளி இல்லை என்றே எனக்குத் தோன்றியது. அப்படியே எழுதிவிடலாமே?" என்றார்.

அவருக்கு நாங்கள் மைனர்ட்ஸ்ஹாகன் கதையைச் சொன்னோம். அவர் பேர்பெற்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பறவை சேகரிப்பவர். பாடம் பண்ணிய பழைய காட்டுச் சிற்றாந்தை ஒன்றை அருங்காட்சியகத்திலிருந்து அபகரித்து, 1914-இல் குஜராத்தில் தாமே பிடித்ததாகச் சீட்டுக் கட்டி வைத்தார். அந்தப் பொய்யை நம்பி அங்கே தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பமீலா ராஸ்முஸன் என்ற அறிஞர் மோசடியைக் கண்டுபிடித்து, உண்மையான பழைய குறிப்புகள் காட்டிய இடங்களைத் தம் சகாக்களோடு தேடிச் சென்றார். 1884-க்குப் பின் நிச்சயமாய்க் காணப்படாத ஆந்தை, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்து ஷஹாதா அருகே கண்ணில் பட்டது. நம் நாட்டுப் பறவை எங்கே வாழ்கிறது என்பதையே ஒரு பொய்ச் சீட்டு இத்தனை காலம் மறைத்திருந்தது!

எங்கள் குறிப்பும் அற்பமானதல்ல. தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் நடத்தும் அந்த வேலையில் மாணவர்களும் பொதுமக்களும் கரைகரையாய் நின்று எண்ணுகிறார்கள். எந்தக் குளத்துக்கு எந்தப் பறவை வருகிறது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், இத்தகைய நோட்டுப் புத்தகங்கள்தாம் சாட்சி.

இளையவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுதினார்: "கடற்காகம் - 1. இனம் தெரியவில்லை. சிறகு நுனி காணவில்லை. ஒரு வாரமாக இருப்பதாக ஆடு மேய்ப்பவர் சொன்னார்."

அடுத்த முறை குற்றாலம் போகும் நேயர்கள், தை மாதமாயின், இலத்தூர்க் கரையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். காலையில் சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். நாங்கள் அன்று நின்றது மேற்குக் கரையில்.