மாசி வீதியில் நாள் வாடகைக்கு

சொந்த ஊரான வாசுதேவநல்லூரில் எங்களுக்கு இப்போது வீடு கிடையாது. சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் குற்றாலச் சீசன் நேரத்தில் பிள்ளைகுட்டிகளோடு போய் இறங்கினால் அவர்களுக்கும் சிரமம், நமக்கும் கூச்சம். அதனால் ஆடிச் சாரலுக்குத் தென்காசியில், காசி விஸ்வநாதர் கோயிலை ஒட்டிய மாசி வீதி ஒன்றில் நாள் வாடகைக்கு வீடு பிடித்தோம். சொந்த மாவட்டத்தில் ஆதார் நகல் கொடுத்துவிட்டு உள்ளே நுழைவது வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த மாவட்டமே 2019 நவம்பரில் பிறந்ததுதான். அதுவரை எங்கே போனாலும் நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள்.

குற்றாலத்திலேயே தங்கியிருக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. குளிப்பதற்குக் குற்றாலத்தை விஞ்ச ஊர் ஏது? தூங்குவதற்குத்தான் லாயக்கில்லை. நடுநிசியிலும் வேன்கள் வந்து கொண்டிருக்கும், சிப்ஸ் கடைச் சட்டி காய்ந்துகொண்டே இருக்கும். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். விடியுமுன் ஒரு ஆட்டோ, திரும்பி வந்து இட்லி. பேரருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டுவிட்டால் அந்தச் செய்தி டீக்கடைக்கு முதலில் வந்துவிடும். அலைச்சல் மிச்சம்.

வீடு பழைய பாணி. தெருவைப் பார்த்த திண்ணையில் பாதியைப் படிக்கட்டு தின்றுவிட்டது. அதைத் தாண்டித் தார்சா, பட்டாசல், அடுக்களை, கடைசியில் அங்கணமும் கிணறும். அகலம் கம்மி, நீளம் அதிகம். பட்டாசலில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். வாடகைக்கு விடுவதற்காக ஒரு மேல்நாட்டுக் கழிப்பறையும், சுவரில் ஆணியடித்த அருவிப் படமும் புதிதாகச் சேர்ந்திருந்தன. அருவி இருக்கும் ஊரில் அருவிப் படம் எதற்கு என்று மகள் கேட்டாள். ஆனால் எங்கள் பொழுதெல்லாம் கழிந்தது தட்டட்டி என்ற மொட்டை மாடியில். படி செங்குத்து, ஏறிவிட்டால் கோபுரம் முழுசாகக் கண்ணெதிரே நிற்கும்.

பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிக் கட்டிய கோயில் இது. மதுரையை விட்டு விலகித் தெற்கே வந்த பாண்டியர்கள் இங்கேதான் கால் ஊன்றினார்கள். கட்டியவனுக்குப் பெருமையைவிடக் கவலை அதிகம் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குச் சேதம் வந்தால் அதைச் செப்பனிட்டுக் காப்பவர் யாராயினும் அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்ற பொருளில் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான். அரசன் ஒருவன் இன்னும் பிறக்காத கொத்தனாரின் காலில் விழுகிறான்! அவன் பயந்தது பலித்தும் விட்டது. தீயில் சேதமான கோபுரம் வெகுகாலம் மொட்டையாகக் கிடந்தது. இன்று பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம், ஏறத்தாழ 180 அடி, 1990இல்தான் முடிந்து குடமுழுக்குக் கண்டது. ஊர்க்காரர்கள் கூடிப் பொருள் சேர்த்தார்கள். ‘தினத்தந்தி’ சிவந்தி ஆதித்தன் முன்னின்று முடித்தார். என் அப்பா தலைமுறை தென்காசி என்றதும் நினைத்துக்கொண்டது மொட்டைக் கோபுரத்தை.

காற்றைச் சொல்லாமல் இந்த ஊரை எழுத முடியாது. ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையைக் கடந்து வரும் தென்மேற்குக் காற்று தெருவெல்லாம் புகுந்து புறப்படுகிறது. கோபுர வாசலில் எதிர்த்து அடிக்கும். சில அடி நடந்தால் முதுகில் கைவைத்துத் தள்ளும். தட்டட்டியில் காயப்போட்ட என் வேட்டி அடுத்த வீட்டு முருங்கையில் போய்த் தொங்கியது.

வீட்டுக்கார ஆச்சி இரண்டு வாசல் தள்ளி இருக்கிறார். ஒரு மகன் சென்னை, ஒருவன் புனே. “பூட்டிப் போட்டா செதலு தின்னுரும் தம்பி. ஆளு பொழங்குனாத்தான் வீடு நிக்கும்” என்றார். சீசன் வாடகை சுண்ணாம்புக்கும் ஓடு மாற்றுவதற்கும் போகிறதாம். சனி, ஞாயிறு இரட்டை வாடகை வாங்குவதில் அவருக்குத் துளியும் சங்கடமில்லை.

பார்சிலோனாவில் கதையே வேறு. பழைய நகரத்து வீடுகளெல்லாம் பயணிகளுக்குப் போய், உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை என்று, 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் ஒழித்துவிடப் போவதாக அந்நகர மேயர் 2024இல் அறிவித்தார். அங்கே பயணி வந்து ஊர்க்காரர் வெளியேறினார். மாசி வீதியிலோ ஊர்க்காரர் பிள்ளைகள் எப்போதோ ரயிலேறிப் போய்விட்டார்கள். காலியான பட்டாசலுக்குத்தான் நாங்கள் வந்தோம். அப்படிப் போன பிள்ளைகளில் நானும் ஒருவன் என்பதால் பார்சிலோனாக்காரர்களின் கோபத்தைக் கடன் வாங்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் ஒரு நெருடல் உண்டு. தெருவில் பாதி வீடு ஆடியில் மட்டும் விளக்கேற்றினால், தேர் வடம் பிடிக்க யார் மிஞ்சுவார்கள்?

ஒருநாள் வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினோம். கடையநல்லூர், புளியங்குடி தாண்டி, மேற்கே மலை கூடவே வரும் வழி. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளின் வாசம் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டது. ஊரில் அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு நெற்கட்டும்செவலுக்கும் போனோம். 1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டபோது கொடுக்க மறுத்த பூலித்தேவனின் ஊர். அரசு கட்டிய நினைவு மாளிகை இருக்கிறது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். வாசுதேவநல்லூர்க் கோட்டை 1759இல் கம்பெனித் தளபதி யூசுப் கானின் முற்றுகைக்கு அசையாமல் நின்ற மண்கோட்டை; 1761இல்தான் அவனிடம் விழுந்தது. பீரங்கிக்குத் தாக்குப்பிடித்த அந்த மண்ணை மகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு சுவர்கூட இல்லை. எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. அங்கே ரீசார்ஜ் செய்துகொண்டோம்.

இரவு பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

கிளம்பும் அன்று ஆச்சி யோசனை கேட்டார். “ஏசி போட்டா வாரவங்க கூடக் குடுப்பாங்கன்னு மூத்தவன் சொல்லுதான். போட்டுரவா?” இந்தக் காற்றுக்கு ஏசி போடுவது பாவம் என்றேன். அந்தப் பணத்தில் தட்டட்டிப் படிக்கு ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னாள் என் மனைவி. அவளுக்கு மூட்டுவலி. ஆச்சி கைப்பிடிக்கு ஒத்துக்கொண்டார். அடுத்த ஆடிக்கு அட்வான்ஸ் இப்போதே வேண்டும் என்றார். கொடுத்தோம்.