எல்லை தாண்டி வந்த ஊசி

பூஜ் நகருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் சும்ராசர் ஷேக். முள்மரமும் புழுதியுமான கிராமம். அங்கே பெண்கள் துணியின் பின்பக்கத்தைப் பார்த்துத் தைக்கிறார்கள். பூ விழுவது முன்பக்கத்தில். சூஃப் எனப்படும் இந்த எம்பிராய்டரிக்குப் பென்சில் கோடு கிடையாது, அச்சுக் கட்டை கிடையாது. நெசவின் இழைகளை எண்ணி எண்ணி முக்கோணங்களை நிரப்ப வேண்டும். ஓர் இழை தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்த வேலையின் சொந்த ஊர் எல்லைக்கு அப்பால், சிந்து மாகாணத்தின் தார்பார்க்கர். 1971 போரில் இந்திய ராணுவம் அங்கே நகர்பார்க்கர், சாச்ரோ பகுதிகளைப் பிடித்தது. 1972 சிம்லா ஒப்பந்தப்படி நிலம் திரும்பிப் போனது. இந்தப் பக்கம் வந்திருந்த சோடா ராஜபுத்திரர்களும் மேக்வால்களும் திரும்பிப் போகவில்லை. ஆயிரக்கணக்கில் முகாம்களில் தங்கினார்கள். குடியுரிமைக்குப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். கட்ச்சில் ஜூரா கேம்ப் என்றே ஓர் ஊர் இருக்கிறது. கூடாரங்கள் போய் எவ்வளவோ காலமாகியும் பெயரிலிருந்து 'கேம்ப்' போகவில்லை.

கையோடு வந்தவை சீதனத் துணிகள். கஷ்ட காலத்தில் வியாபாரிகளிடம் போனவை போக, எஞ்சியவற்றைத் திரட்டி சும்ராசரிலேயே ஒரு சிறு மியூசியம் வைத்தது, 1993-ல் தொடங்கிய கலா ரக்ஷா அறக்கட்டளை. முக்கோணத்துக்கே பழகிய சில கைகள் பிறகு படக்கதையும் தைக்க ஆரம்பித்தன. விட்டு வந்த ஊரும் நடந்து வந்த பயணமும் துணித் துண்டுகளாக ஒட்டித் தைக்கப்பட்டன. 2001 பூகம்பமும் அப்படியே துணிக்கு வந்தது.

பன்னிப் புல்வெளியில் ஊசி பிடிக்கும் முத்வா முஸ்லிம்களின் மூதாதையரும் சிந்திலிருந்து வந்தவர்கள்தான். அவர்கள் வந்த காலத்தில் எல்லைக்கோடு இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமோ, 2014 முடிவதற்குள் பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துக்களைச் சேர்த்துக்கொள்கிறது, முஸ்லிம்களை விட்டுவிடுகிறது. தையலில் மதத்தைப் பிரிப்பது இத்தனை சுலபமல்ல.

சோடாக்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரே குலத்துக்குள் சம்பந்தம் செய்ய மாட்டார்கள். சிந்தில் இருக்கும் சோடாக்கள் பெண் கொடுக்கவும் எடுக்கவும் இந்தியாவைத்தான் பார்க்க வேண்டும். முகூர்த்தத்தை விசா அலுவலகம்தான் குறிக்கிறது என்று சொல்லலாம். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் அட்டாரி வாசலும் மூடப்பட்டது.

சும்ராசரில் இன்று தைக்கப்படும் குஷன் உறைகளும் சால்வைகளும் நகரத்து வீடுகளுக்குப் போகின்றன. இளம் பெண்கள் எண்ணுவதற்கு அலுத்துக்கொள்கிறார்கள். வயதானவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இழைகளை எண்ணுகிறார்கள்.