தூசியும் ஸ்பின்னும்

அரியலூரில் இறங்கியதும் நம்மை வரவேற்பவை சுண்ணாம்புக்கல் லாரிகள்தான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலாக இருந்த பூமி சார் இது. கல்லுக்குள் கிளிஞ்சல் கிடைக்கிறது! கடல் போய்விட்டது, சிமென்ட் தூசி வந்துவிட்டது.

டேபிள் டென்னிஸ் பைத்தியங்களுக்கு இந்தத் தூசிதான் வில்லன். பேட் ரப்பரில் படிந்தால் பிடிப்பு போச்சு. என்னதான் ஸ்பின் போட்டாலும் பந்து சாதுவாக நேரே போகும்.

கிளப்பில் என்னோடு ஆடியவர் ரிட்டயர்டு ஃபோர்மேன். முட்டி வலி, 'ஆட்டமே வேண்டாம்' என்றுவிட்டாராம் டாக்டர். "21 பாயின்ட்டை 2001-ல 11 ஆக்கினாங்களே, என் முட்டிக்காகத்தான் தம்பி!" என்றார்.

நம்ம சென்னை சரத் கமல் 2006-ல் வாங்கிய காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தை, 2022-ல் 40 வயதில் மறுபடி வாங்கியதைச் சொன்னேன்.

துண்டால் ரப்பரைத் துடைத்தார். "அப்ப இன்னொரு கேம் போடலாம். சர்வீஸ் உங்களுது!"