வெல்ல மண்டிக்காரர் வாங்கிய வண்டி

திருப்பதியில் மொட்டை போடுவது மலைக்கு மேலே மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்த ஊரில் பழைய வண்டி வாங்கப் போனதில்லை. இப்படிச் சொன்னால் திருப்பதிக்காரர்களுக்குக் கோபம் வரலாம். வர வேண்டியதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் இதே கதைதான். அங்கெல்லாம் மொட்டைக்குப் பிறகு லட்டு கிடைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்தூர்க்காரர் அவர். வயது 52. வெல்ல மண்டி வைத்திருக்கிறார். வீட்டில் தமிழ், மண்டியில் தெலுங்கு, கணக்கு எழுதும்போது மறுபடி தமிழ். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாகாணத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அவருடைய அப்பா காலத்துச் சமாச்சாரம் அது. வேலூர் 35 கிலோமீட்டர்தான். ஆகவே அந்தக் குடும்பத்துக்கு டாக்டர் என்றால் இன்றும் வேலூர் டாக்டர்தான். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. 2023 முதல் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் வாடகைக் கார். போவது ஒருவர் அல்ல. அம்மா, துணைக்கு மருமகள், அவளுடன் பேரக்குழந்தை, சாப்பாட்டுக் கூடை. மண்டியில் சரக்கு வாங்கப் புரட்டும் பணம் மெல்ல மெல்ல வாடகைக் காரில் ஏறிக்கொண்டிருந்தது.

2024-இன் தொடக்கத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: சொந்த வண்டி.

கூட்டுக் குடும்பத்துக்கு வண்டி என்றால் நம் நாட்டில் ஒரு வம்சாவளியே உண்டு. அம்பாசிடரில் எத்தனை பேரை அடைக்கலாம் என்பதற்கு எல்லையே இருந்ததில்லை. 1984-இல் மாருதி வேன் வந்தது; ஆம்னி என்று பெயர் மாறி 2019 வரை ஓடியது. 2000-இல் டொயோட்டா குவாலிஸ், ஐந்தே வருடத்தில் அதன் இடத்தில் இன்னோவா. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் கோயிலுக்கும் ஒரே வண்டியாக நிலைத்தது கடைசியில் இன்னோவாதான். அதில் ஒரு சங்கடம், விலை இறங்காது. அந்த வருடம் புதிதாக வாங்கினால் 20 லட்சத்தைத் தொட்டது. பழையது பத்து வயதானாலும் வீறாப்பாக நிற்கும். அவர் கையில் இருந்தது எட்டு லட்சம். மனைவியின் நகையை அடகு வைத்து ஐந்து, மண்டியிலிருந்து எடுத்தது மூன்று.

பேரம் பேசுவது அவருக்குப் புதிதல்ல. அதுதான் தொழிலே. உருண்டையை உடைத்துப் பார்த்து, நகத்தால் கீறி, நாக்கில் வைத்து, எந்தப் பக்கத்துக் கரும்பு என்றே சொல்லிவிடுவார். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் வெல்லம் வந்தால் ஒதுங்கிவிடுவார். நிறத்துக்காக ‘ஹைட்ரோஸ்’ போட்டிருப்பார்கள் என்று தெரியும். ஆனால் வண்டியை உடைத்துப் பார்க்க முடியாதே?

இந்தச் சங்கடத்துக்குத்தான் ஒருவர் நோபல் பரிசு வாங்கினார். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. விற்பவனுக்கு வண்டியின் உள்ளும் புறமும் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டியையும் சந்தேகித்துக் குறைத்தே கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கட்டாது என்று விலகிவிடுவான். சந்தையில் சொத்தைகளே மிஞ்சும் என்றார் அவர். 2001-இல் பரிசு கிடைத்தது. சித்தூர் மண்டியில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்; எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

முதலில் வேலூரில் தேடினார். தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டி ஐம்பதாயிரம் வரை மலிவாகவே தெரிந்தது. ஆனால் அங்கே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், ஆந்திராவில் ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும், அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விட்டது. திருப்பதிக் கடையில் டெல்லி எண்ணோடு ஒரு வண்டி இன்னும் மலிவாக நின்றது. பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகரில் ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பிறகு தெற்கே இறங்கிய பட்டாளத்தில் ஒன்று. அதற்கும் அதே வரிக் கணக்குதான். விட்டுவிட்டார்.

அப்புறம் வந்தது, 2014-ஆம் வருடத்து வெள்ளை இன்னோவா. பழைய சித்தூர் மாவட்ட எண், ஏபி 03. திருப்பதி தனி மாவட்டமானது 2022-இல்தான் என்பதால் இரண்டு ஊர் வண்டிக்கும் ஒரே எண். மீட்டர் 92,000 கிலோமீட்டர் காட்டியது. தரகர் சொன்ன விலை எட்டே முக்கால் லட்சம்.

கூடப் போன மைத்துனர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, தரகருக்கு முன்னாலேயே, தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்: “எட்டு வரைக்கும் போகலாம் மாமா. வண்டி நல்லாருக்கு.”

தரகர் டீயை ஊதிக் குடித்துவிட்டு, சுத்தமான வேலூர்த் தமிழில் பதில் சொன்னார்: “எட்டுன்னா கட்டாதுங்க சார்.”

திருப்பதியில் தமிழ் ரகசிய மொழி அல்ல. டீக்கடை, பூக்கடை, லாட்ஜ், ஆட்டோ என்று தமிழ்நாட்டு யாத்ரிகர்களை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. பேரம் என்ற சொல்கூட இரண்டு மொழிக்கும் பொது.

மறுநாள் விடியற்காலையில் சித்தூரிலிருந்து மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனார். மெக்கானிக் முதலில் செய்தது பானெட்டைத் தொட்டுப் பார்த்ததுதான். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்து, புகை வருகிறதா என்று பார்த்தார். கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் மீட்டரில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரும் 2017. எவ்வளவு கட்டை மிச்சம் இருந்தாலும் மாற்றியாக வேண்டும். திருப்பதி வண்டி என்றால் இன்னொரு சோதனை, கிளட்ச். 1944-இல் போட்ட பழைய மலைப்பாதையில் இறங்கி, 1974-இல் போட்ட புதிய பாதையில் ஏறி, விருந்தினர் வரும்போதெல்லாம் மலைக்குப் போய் வந்த வண்டியில் கிளட்ச் சீக்கிரம் தேயும். தேய்ந்திருந்தது. டயர் 30,000, கிளட்ச் 16,000 என்று சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

பேப்பர் கேட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஆர்.சி. ஒரு ஆண் பெயரில் இருந்தது. அவர் இறந்து எட்டு மாதம். “அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார், கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருக்கு” என்றார் தரகர்.

செத்தவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார்?

வெல்ல மண்டிக்காரர் பிடிவாதமாக நின்றார். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதே தவிர, பத்திரத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். வீட்டம்மாவைப் பார்க்காமல் முன்பணம் கிடையாது என்றார். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டுத் தரகர் அழைத்துப் போனார்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது இந்தப் பக்கம் வழக்கம். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் தெரியாது, பிடித்த இரண்டு கைக்கு மட்டும் தெரியும். பழைய வண்டிச் சந்தையில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு துண்டு. விற்பவருக்கு ஒரு துண்டு, வாங்குபவருக்கு ஒரு துண்டு. இரண்டுக்கும் அடியில் இருப்பது தரகரின் கை மட்டுமே.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வங்கியில் வேலை பார்த்தவர். மகள் வெளியூரில். வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பழைய சர்வீஸ் பில்களை ஒரு கோப்பில் போட்டுக் கொண்டு வந்தார். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம். பத்து வருடமாக டீசல் போட்ட ஒவ்வொரு தேதியும், லிட்டரும், மீட்டர் எண்ணும் கணவரின் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. கடைசிப் பக்கம் மீட்டரோடு பொருந்தியது. இன்சூரன்சில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம். அதாவது தொடர்ந்து ஐந்து வருடமாவது இழப்பீடு எதுவும் கேட்கவில்லை. டெல்லியிலோ சென்னையிலோ எந்தக் கடையிலும் கிடைக்காத சாட்சி அந்த நோட்டு. அகர்லாஃப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

காபி வந்தது. தரகர் ஃபோன் பேச வாசலுக்குப் போனார். அந்த அம்மா தெலுங்கும் தமிழும் கலந்து மெதுவாகக் கேட்டார்: “ஆறு லட்சத்துக்கு மேல போகாதுன்னு சொன்னாங்க அண்ணா. அதையாவது ஒரே தடவையா குடுத்துடுவீங்களா?”

இந்தப் பக்கம் எட்டே முக்கால், அந்தப் பக்கம் ஆறு. நடுவில் இரண்டே முக்கால் லட்சம்.

மைத்துனர் மேஜைக்கு அடியில் மாமாவின் காலை மிதித்தார். அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆறுக்கு முடித்தால் நகையில் ஒரு பகுதி அன்றைக்கே மீண்டுவிடும். சட்டம் எதுவும் தடுக்காது. விற்பவர் கேட்ட விலையை வாங்குபவர் கொடுக்கிறார், அவ்வளவுதான். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக் கைதட்டுகிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

“நாளைக்குச் சொல்றேம்மா” என்று எழுந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் மைத்துனர் பேசவில்லை. அன்று இரவு அவர் சித்தூரில் இரண்டு டிராவல்ஸ்காரர்களையும் வேலூரில் ஒருவரையும் அழைத்து, இதே வருடத்து வண்டி ‘சொன்ன விலை’ என்ன என்று கேட்கவில்லை. ‘கைமாறிய விலை’ என்ன என்று கேட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மண்டிக்காரருக்குத் தெரியும். சராசரியாக ஏழு லட்சத்து 85 ஆயிரம் வந்தது. டயரும் கிளட்சும் கழித்தால் ஏழு முப்பத்தொன்பது. ஏழு நாற்பது என்று முடிவு செய்தார். பதிவு 2029 வரை செல்லும் என்பதால் அதற்காகக் கழிக்கவில்லை.

மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. அன்றைய விலை தெரியாமல் வந்த விவசாயியை ஏமாற்றினால் அடுத்த பருவத்தில் அவர் வண்டி வேறு மண்டிக்குப் போய்விடும். ஆனால் இந்த அம்மா இவரிடம் இன்னொரு இன்னோவா விற்கப் போவதில்லை. அதனால் வியாபாரக் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. மனைவி கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவே: “அந்த நோட்டைப் பாத்த பிறகு ஆறுன்னு சொல்ல வாய் வரலை.” நகை அவளுடையது. ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, “அப்ப சரி” என்றாள். மைத்துனர் ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

தரகர் கொதித்தார். பிறகு தணிந்தார். இரு பக்கமும் பத்தாயிரம் என்று பேசி முடிந்தது. போகும்போது ஒன்று கேட்டார்: “நான் இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் பாத்திருப்பீங்களா சார்?” நியாயமான கேள்வி. அதற்குக் கூலி இருபதாயிரம் என்பது குறைவும் அல்ல.

பணத்தை விடப் பேப்பர்தான் பாடு படுத்தியது. ஐம்பதாயிரம் முன்பணம் வங்கி வழியாக. இறந்தவர் பெயரிலிருந்து முதலில் மனைவி பெயருக்கு மாற்ற ஃபாரம் 31, வாரிசுச் சான்று. அதற்குப் பிறகு விற்பனைக்கு 29, 30. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். இதை அலட்சியம் செய்து, கையெழுத்துப் போட்ட வெற்று ஃபாரத்தோடு வண்டி நாலு கை மாறுவது நாடெங்கும் நடக்கிறது. அப்படிக் கைமாறிக்கொண்டே போன ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோனவர் மாட்டிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதற்காகவே பெயர் மாறும் வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று இருந்தார். ஐந்து வாரம் ஆயிற்று. ஐந்து வாரமும் வேலூருக்கு வாடகைக் கார்தான். நோ கிளெய்ம் போனஸ் உடைமையாளருக்கு உரியதே தவிர வண்டிக்கு உரியதல்ல என்பதால் இன்சூரன்ஸ் பிரீமியம் அவர் நினைத்ததை விட ஏறியது.

வண்டி சித்தூர் வந்தது. கிளட்ச் மாற்ற மெக்கானிக் சொன்னது 16,000, ஆனது 19,000. முதல் நாள் வேலூர் கிளம்பும்போது இன்னொன்று தெரிந்தது. பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், டயரின் வருடத்தைப் பார்த்தார்கள், சேஸிஸ் எண்ணைக் காகிதத்தில் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கூடப் பார்த்தார்கள். அம்மாவால் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்க முடியுமா என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது சாப்பாட்டுக் கூடையோடு ஒரு மர முக்காலியும் வண்டியில் போய் வருகிறது.