சன்பேக் ஷீட்டில் ஒரு இறக்கை

ரோட்டோர புளியமரத்துல ‘வீட்டு மனைகள் விற்பனைக்கு’ன்னு ஒரு தட்டி தொங்கும்ல? ஃப்ளெக்ஸ் இல்லை. கெட்டியா, பிளாஸ்டிக் அட்டை மாதிரி, ஓரத்தைப் பார்த்தா வரிசையா சின்னச் சின்ன சதுர ஓட்டை தெரியும். சைன்போர்டு கடைகள்ல அதுக்குப் பேரு சன்பேக் ஷீட். அதுல ரிமோட் விமானத்துக்கு இறக்கை செய்யறதைப் பத்தித்தான் இந்த த்ரெட். நீளமா இருக்கும். நடுவுல கொஞ்சம் மருத்துவம் வரும், ஆனா டெங்கு பத்தி இல்லை, பயப்படாதீங்க.

மாடல் விமானம்னா பழைய ஆட்களுக்கு பால்சா மரம்தான். தக்கை மாதிரி லேசு. ஆனா நம்ம ஊர்ல விளையற மரம் இல்லை, உலகத்துக்கே பெரும்பாலும் ஈக்வடார்லருந்து போகுது. விலை அதிகம், ஒரு தடவை மூக்கு குத்தினா சுள்ளி சுள்ளியா போயிடும். அடுத்தது தெர்மாகோல். லேசு, மலிவு, ஆனா வெள்ளை மணியா உதிரும்.

2000-களின் தொடக்கத்துல அமெரிக்காவுல சில பொழுதுபோக்கு ஆட்கள், இந்த விளம்பரத் தட்டி ஷீட்டுலயே விமானம் கட்ட ஆரம்பிச்சாங்க. ‘சிம்பிள் பிளாஸ்டிக் ஏர்பிளேன் டிசைன்’, சுருக்கமா ஸ்பேட். உடம்புக்கு மழைத்தண்ணி பைப், இறக்கைக்கு இந்த ஷீட். அழகா இருக்காது. ஆனா விழுந்தா எடுத்து மண்ணைத் தட்டிட்டு மறுபடி ஏத்தலாம்.

வெண்ணந்தூர்ல எனக்கு இது அறிமுகமானது ஒரு விரல் வழியா. பதினொண்ணாம் வகுப்பு பையன், ஆள்காட்டி விரல்ல ஆழமா வெட்டு. தறிப் பட்டறையில அடிபட்டதான்னு கேட்டா, “இல்லைங்க சார், ப்ரொப்பெல்லருங்க” என்றான். யூடியூப் பார்த்து தெர்மாகோல்ல ஒரு விமானம் செஞ்சு, மேசை மேல வச்சு மோட்டாரை ஓட்டிப் பார்த்திருக்கான். தையல் போட்டு டி.டி. ஊசி போட்டு அனுப்பினேன். தையல் பிரிக்க வந்தப்போ விமானம் என்னாச்சுன்னு கேட்டேன். முதல் தடவை பறந்தப்பவே, பத்து செகண்டுல, தூள். “இனிமே வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாருங்க சார்.” (அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன். பேரு போட வேண்டாம்னுட்டாங்க.)

இந்த ‘இனிமே வேண்டாம்’தான் எனக்கு உறுத்துச்சு. அப்பா தறி ஓட்டறவர். மோட்டார், பேட்டரி, ரிமோட்டுக்கு அவன் ரெண்டு வருஷம் சேர்த்த காசு. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உடைஞ்சது இறக்கை மட்டும். ஓட்டக் கத்துக்கறவன் விழுந்தே தீருவான். முதல் விழுகையிலயே இறக்கை போயிடுச்சுன்னா அவன் கத்துக்கவே போறதில்லை. வசதி இருக்கற வீட்டுப் பையன் அடுத்த கிட் வாங்குவான். இவன் என்ன பண்ணுவான்?

ஷீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தப்போ அவன் அப்பாதான் முதல்ல கையில வாங்கினார். வளைச்சுப் பார்த்தார், திருப்பி வளைச்சுப் பார்த்தார். “இதுக்கும் பாவு ஊடை இருக்குங்களே சார். பாவுப் பக்கம் வெறைப்பா நிக்குது, ஊடைப் பக்கம் மடங்குது.” நான் பத்து நிமிஷம் விளக்கலாம்னு வச்சிருந்த விஷயம், ஒரே வரியில முடிஞ்சுபோச்சு.

அதேதான். ரெண்டு மெல்லிய தகடு, நடுவுல நூத்துக்கணக்கான குறுக்குச் சுவர். பறக்கும்போது இறக்கையோட நுனி மேல வளையப் பார்க்கும். அதனால உள்குழாய் எல்லாம் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஓடணும். குறுக்க வெட்டினா முதல் திருப்பத்துலயே மடிஞ்சிடும். பறவையோட இறக்கை எலும்பும் இப்படித்தான், உள்ளே வெற்றிடம், அங்கங்க சின்னத் தாங்குகட்டை.

முன்விளிம்பை மடிக்கறதுதான் கை பழக வேண்டிய இடம். உள்பக்கத் தகட்டுல மட்டும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மூணு குழாயை நீளவாக்குல கீறணும். வெளித்தகட்டுல பிளேடு படக்கூடாது. அப்புறம் மடிச்சா கூர்மையா இல்லாம உருண்டையா திரும்பும். உள்ளே ஒரு மூங்கில் சட்டம், மேல்தகடு அது மேல வளைஞ்சு பின்விளிம்புல வந்து கீழ்த்தகட்டோட ஒட்டிக்கும். இன்னும் விறைப்பு வேணும்னா குழாய்க்குள்ளயே மூங்கில் சிம்பு சொருகலாம். ரெண்டு பாதியாச் செஞ்சு, நுனி நடுவைவிட 4 செ.மீ. உயரமா இருக்கறாப்ல சேர்த்தோம். அந்த லேசான ‘வி’ வடிவம் இருந்தா, சாய்ஞ்ச விமானம் தானா நிமிரப் பார்க்கும்.

ஒட்டறது பெரிய தலைவலி. இந்த ஷீட் பாலிப்ரொப்பிலீன். நாங்க ரத்தக்குழாய் தைக்கற நீல நூல், குடலிறக்கத்துக்கு வைக்கற வலை, ஊசி போடற சிரிஞ்சோட உடம்பு எல்லாமே இந்த பிளாஸ்டிக்தான். எதுவும் எளிதுல ஒட்டாது, எதோடயும் வினை புரியாது. உடம்புக்குள்ள வைக்க அது வரம், பசைக்கு அது சாபம். வழி என்னன்னா, ஒட்டற இடத்துல லைட்டர் நெருப்பை வேகமா ஒரு தடவை ஓட்டணும். உருகக்கூடாது, மேல்பரப்பு லேசா ஆக்ஸிஜனேற்றம் ஆனா போதும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்தா நின்னா இன்னும் ஆகலை, பரவினா பசை பிடிக்கும். சின்னப் பசங்க இதைத் தனியாச் செய்ய வேண்டாம்.

இதே பிளாஸ்டிக்குக்கு இன்னொரு குணம், எத்தனை தடவை மடக்கினாலும் எளிதுல முறியாது. ஷாம்பு பாட்டில் மூடியோட கீல் அதனாலதான் பிழைக்குது. இறக்கையில அசையற பகுதிக்குத் தனியா கீல் வாங்க வேண்டியதில்லை. ஒரு தகட்டைக் கீறிட்டு மறு தகட்டை விட்டுட்டா அதுவே கீல்.

சரி, குறை என்ன? எடை. 1 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம்னு ஒரு இறக்கை வச்சுக்கோங்க. மேலும் கீழுமா 0.4 சதுர மீட்டர் ஷீட். சதுர மீட்டருக்கு 500 கிராம் ஷீட்னா தோல் மட்டுமே 200 கிராம். எல்லாம் சேர்ந்து தெர்மாகோல்ல 450 கிராம்ல முடியற விமானம் இங்கே 900 வந்து நிக்கும். அதே இறக்கைப் பரப்புல எடை இரட்டிப்பானா, விழாம பறக்கவே ஏறக்குறைய 1.4 மடங்கு வேகம் வேணும். மணிக்கு 21 கி.மீ.ல பறந்தது இப்போ 30-க்குக் கீழே வரவே வராது. எடை ரெண்டு மடங்கு, வேகத்தோட வர்க்கம் ரெண்டு மடங்கு. மோதினா ஆற்றல் நாலு மடங்கு.

காயத்தைப் பார்க்கற எனக்கு இந்தக் கணக்குதான் முக்கியம். சன்பேக் இறக்கை உடையாது. அது யார் மேல மோதுதோ அவங்க உடையலாம். தெர்மாகோல் நொறுங்கும்போது அடியோட வேகத்தைத் தானே வாங்கிக்கும், இது வாங்காது. அதனால இறக்கையை உடம்போட திருகு போட்டு முடுக்காம ரப்பர் பேண்டாலதான் கட்டினோம். மோதினா இறக்கை கழண்டு தனியா போயிடும். (உக்ரைனுக்கு 2023-ல் ஆஸ்திரேலியாவோட சிபாக் நிறுவனம் அனுப்பின மெழுகு அட்டை ட்ரோன்லயும் ரப்பர் பேண்டுதான்.)

அறுவடை முடிஞ்ச கடலைக்காட்டுல, அலவாய்மலை தெரியற பக்கமா, காத்து எழும்பறதுக்கு முன்னாடி காலையில ஏத்தினோம். முதல் நாள் பதினொரு தடவை விழுந்துச்சு. நான் எண்ணினேன், அவன் எண்ணலை. ரெண்டு ரப்பர் பேண்டு, ஒரு ப்ரொப்பெல்லர் போச்சு. இறக்கையில ஒரு மடிப்பு, அதை டேப் போட்டு நிமித்தினான். பன்னிரண்டாவது தடவை ஒரு முழு வட்டம் அடிச்சு வந்துச்சு. கீழ்ப்பக்கத்துல பாதி எழுத்து அழியாம ‘தவணை முறையில்’னு இருக்கும், அது தலைக்கு மேல போறப்போ அவன் அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே!

இப்போ அவன் வெயிலேறினப்புறமும் விடறான். சேகோ ஃபேக்டரிக் களத்துச் சிமெண்ட் தரை சூடேறும்ல, அந்தப் பக்கமா எழும்பற காத்துல பருந்து சுத்தும். மோட்டாரைக் குறைச்சுட்டு அந்தப் பருந்துக்குப் பின்னாடியே போகப் பார்க்கறான். எடை காரணமா முடியலை. அடுத்த இறக்கையில கீழ்த்தகட்டை மட்டும் சன்பேக்காவும், மேல்தகட்டை அதைவிட மெல்லிசா வேற எதாவதாவும் போடலாமான்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியலை, செஞ்சு பாருன்னேன்.

செய்ய நினைக்கறவங்களுக்குச் சில விஷயம். வெயில்ல வருஷக்கணக்கா தொங்கின பழைய தட்டி வேண்டாம், மூலையை மடிச்சுப் பாருங்க, பட்டுனு வெடிச்சா தூக்கிப் போடுங்க. இறக்கை அகலத்துல முன்னாலிருந்து நாலுல ஒரு பங்கு தூரத்துல விரலை வச்சுத் தூக்கினா விமானம் மட்டமா நிக்கணும். ஏத்தறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கை மேப்பையும் 2021 ட்ரோன் விதிகளையும் பாருங்க. பச்சை மண்டலத்துலயும் 400 அடிதான் உச்சவரம்பு, கண் பார்வையை விட்டு விலகக்கூடாது. மேசை மேல மோட்டார் ஓட்டிப் பார்க்கறதுன்னா ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு ஓட்டுங்க. லித்தியம் பேட்டரியைச் சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க.

ஷீட் எங்கே கிடைக்கும்னு ஏற்கெனவே நாலு பேர் கேட்டாச்சு. உங்க ஊர் சைன்போர்டு கடையில வெட்டின மிச்சத் துண்டு கேளுங்க, ஒரு மீட்டர் நீளம் இருந்தா போதும். எதுக்குன்னு கேப்பாங்க, சொல்லுங்க. எங்களுக்குக் கொடுத்தவர் காசு வாங்கலை, பறக்கறப்போ வீடியோ அனுப்பச் சொன்னார். அனுப்பிட்டோம்.